சொந்த மொழியில் பாடுவேன் என்றவர் நீக்கம்! 12 நாளில் வேறு ஆள் போய் ஜெயித்த ‘லா லா லா’ கதை

பாட்டுப் போட்டிக்கு இன்னும் 12 நாள்தான் பாக்கி. நாட்டின் சார்பில் பாட வேண்டிய பாடகர், “என் மொழியில்தான் பாடுவேன்” என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

“அது நடக்காது” என்றது அரசாங்கம். பாடகரைத் தூக்கிவிட்டு, 20 வயதுப் பெண் ஒருவரை அவசர அவசரமாக அனுப்பியது. அந்தப் பெண் போய், ஒரே ஒரு பாயிண்டில் முதல் பரிசைத் தட்டிக்கொண்டு வந்துவிட்டார்!

இது சினிமாக் கதை அல்ல. 1968-ம் ஆண்டு ஸ்பெயின் நாட்டைக் கலக்கிய உண்மைச் சம்பவம். ஜெயித்த பாட்டு அங்கே எல்லோருக்கும் தெரியும். அதைப் பாடாமல் போனவரைப் பற்றியும் இன்றுவரை பேசுகிறார்கள்.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

போட்டி

ஐரோப்பாவில் ஆண்டுதோறும் ‘யூரோவிஷன்’ என்ற பாட்டுப் போட்டி நடக்கிறது. 1956-ல் சுவிட்சர்லாந்தில் உள்ள லுகானோ நகரில் 7 நாடுகளோடு தொடங்கியது. மறு ஆண்டில் இருந்து ஒரு நாட்டுக்கு ஒரு பாட்டு என்று ஆனது. மற்ற நாட்டு நடுவர்கள் மார்க் போடுவார்கள். சொந்த நாட்டுக்குப் போடக் கூடாது.

யாரை அனுப்புவது, எந்தப் பாட்டை அனுப்புவது என்பதை அந்தந்த நாட்டு டெலிவிஷன் நிலையம் முடிவு செய்யும்.

பிரிட்டனில் அந்தக் காலத்தில் ஜனங்களையே கேட்டார்கள். ஒரு பாடகரை 6 பாட்டு பாட வைப்பார்கள். டெலிவிஷனில் பார்த்தவர்கள் பிடித்த பாட்டுக்குத் தபால் கார்டில் ஓட்டுப் போட வேண்டும்.

ஸ்பெயினில் அந்தப் பேச்சே கிடையாது. 1968-ல் அரசாங்க டெலிவிஷன் அதிகாரிகள் ஓர் அறையில் கூடினார்கள். பாட்டையும் ஆளையும் அவர்களே முடிவு செய்தார்கள். ஜனங்களுக்குக் கடைசியில் சேதி மட்டும் வந்தது.

முட்டை

ஸ்பெயின் இந்தப் போட்டியில் சேர்ந்தது 1961-ல். சேர்ந்ததும் பட்ட அவமானம் கொஞ்சநஞ்சம் அல்ல. 1962-ல் முட்டை மார்க்! 1965-ல் மறுபடியும் முட்டை!

1966-ல் ரபேல் என்ற பிரபல பாடகரை அனுப்பினார்கள். 7-வது இடம். மறு ஆண்டும் அவரையே அனுப்பினார்கள். 6-வது இடம்.

“அடுத்த தடவை எப்படியும் ஜெயித்தாக வேண்டும்” என்ற எண்ணம் மேலிடத்துக்கு வந்துவிட்டது. பாட்டின் மேல் உள்ள ஆசை மட்டும் இதற்குக் காரணம் அல்ல. அன்றைய ஸ்பெயினை ஆண்டவர் சர்வாதிகாரி ஜெனரல் பிராங்கோ. வெளிநாடுகளில் அவருக்கு நல்ல பெயர் கிடையாது. அதே சமயம், கடற்கரைகளைத் தேடி லட்சக்கணக்கில் உல்லாசப் பயணிகள் வரத் தொடங்கி இருந்தார்கள். செய்தித் துறையும் உல்லாசப் பயணத் துறையும் ஒரே மந்திரியின் கையில் இருந்தன. அவர் பெயர் மனுவேல் பிராகா.

“பாருங்கள், நாங்களும் உங்களைப் போலத்தான். சிரிக்கிறோம், பாடுகிறோம்” என்று ஐரோப்பாவுக்குக் காட்ட, டெலிவிஷனில் வரும் 3 நிமிடப் பாட்டைவிடச் சுலபமான வழி ஏது?

பூட்டு

இங்கே கொஞ்சம் பின்கதை தெரிய வேண்டும்.

ஸ்பெயினில் ஸ்பானிஷ் மட்டும் பேசவில்லை. பார்சிலோனா நகரமும் அதைச் சுற்றியுள்ள கட்டலோனியா மாநிலமும் பேசுவது கட்டலான் மொழி. வலென்சியாவிலும் மயோர்க்கா முதலான தீவுகளிலும் அதன் வட்டார வழக்குகளைப் பேசுகிறார்கள். அது ஸ்பானிஷ் மொழியின் கொச்சை அல்ல. பழைய இலக்கியம் உள்ள தனி மொழி.

1936 முதல் 1939 வரை நடந்த உள்நாட்டுப் போரில் பிராங்கோ ஜெயித்தார். கட்டலான் மொழிக்குப் பூட்டு விழுந்தது. பள்ளிக்கூடத்தில் கூடாது. ஆபீசில் கூடாது. பிறந்த குழந்தைக்குக் கட்டலான் பெயரைப் பதிவு செய்யவும் கூடாது! வீட்டுக்குள் பேசிக்கொள்ளலாம். வாசலைத் தாண்டினால் ஸ்பானிஷ்.

20 வருஷம் கழித்துப் பிடி கொஞ்சம் தளர்ந்தது. புத்தகங்கள் வந்தன. 1961-ல் பார்சிலோனாவில் சில இளைஞர்கள் கித்தாரைத் தூக்கிக்கொண்டு கட்டலானில் பாட ஆரம்பித்தார்கள். தங்கள் குழுவுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘16 நீதிபதிகள்’. நம்மூர்ப் பிள்ளைகள் ‘ழ’ நாக்கில் புரள வேண்டும் என்று வேடிக்கை வாக்கியம் சொல்லிப் பழகுவார்கள் அல்லவா? அப்படி ஒரு கட்டலான் வேடிக்கை வாக்கியத்தில் இருந்து எடுத்த பெயர் அது. அந்த ஊர்க்காரர்கள் தவிர வேறு யாருக்கும் அதைச் சொல்ல வராது!

செராட்

அந்தக் குழுவில் 1965-ல் சேர்ந்தவர்தான் நமது கதாநாயகர் ஜுவான் மனுவேல் செராட்.

1943-ல் பார்சிலோனாவில் உழைப்பாளிகள் வாழும் பொப்லே செக் பகுதியில் பிறந்தவர். அப்பா கட்டலான்காரர். அம்மா அரகோன் பகுதியில் இருந்து வந்தவர், ஸ்பானிஷ் பேசுபவர். ஆக, ஒரே வீட்டில் இரண்டு மொழி. அம்மா ஸ்பானிஷில் பாடிய தாலாட்டையும் தன் கட்டலான் வரிகளையும் சேர்த்து அவர் ஒரு பாட்டே கட்டியிருக்கிறார்.

விவசாயத் தொழில்நுட்பம் படித்த பையன், கித்தாரும் கையுமாக மேடை ஏறினார். கட்டலோனியாவில் பெயர் பறந்தது. பிறகு ஸ்பானிஷிலும் ரெக்கார்டு கொடுக்கத் தொடங்கினார். 24 வயதில் நாடு முழுக்கத் தெரிந்த முகம் ஆனார்.

“இவர்தான் சரியான ஆள்” என்று டெலிவிஷன் அதிகாரிகள் முடிவு கட்டினார்கள். பாட்டு ‘லா லா லா’. எழுதியவர்கள் ‘டுவோ டினாமிக்கோ’ என்ற பெயரில் பாடிவந்த மனுவேல் டி லா கல்வா, ரமோன் அர்க்கூசா என்ற இரட்டையர். அவர்களும் பார்சிலோனாக்காரர்கள்தான்!

செராட் ஒப்புக்கொண்டார். ஸ்பானிஷில் ரெக்கார்டு செய்தார். கட்டலானிலும் ஒன்று பதிவு செய்தார். ஐரோப்பிய நகரங்களுக்குப் போய் விளம்பரமும் செய்தார்.

இருதலைக் கொள்ளி

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டு இருந்தபோது, சொந்த ஊரில் புகைச்சல் கிளம்பியது.

“நம்ம பையன், நம்ம மொழியால் பேர் வாங்கியவன். இப்போது பிராங்கோவின் டெலிவிஷனுக்காக ஸ்பானிஷில் பாடப் போகிறானா?” என்று கட்டலான் அபிமானிகள் கேட்டார்கள். கூடப் பாடியவர்களுக்குள்ளும் முணுமுணுப்பு. “விலைபோய்விட்டான்” என்ற பேச்சும் எழுந்தது.

இந்தப் பக்கம் போனால் ஊர் ஏசும். அந்தப் பக்கம் போனால் சர்க்கார் பாயும். ஒப்புக்கொள்ளும்போது இந்தச் சிக்கல் அவருக்குத் தெரியாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 24 வயதுப் பையன், வீட்டு வாசலுக்கு வந்த வாய்ப்பு. முதலில் தலையாட்டிவிட்டார். பிறகுதான் தலை வலித்தது.

கடிதம்

1968-ம் ஆண்டு மார்ச் 25-ந் தேதி. செராட் டெலிவிஷன் நிலையத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். பத்திரிகைகளுக்கும் அது போனது.

விஷயம் இதுதான்: லண்டன் மேடையில் பாட்டைக் கட்டலானில் பாட விட வேண்டும். இல்லாவிட்டால் போக முடியாது.

சர்வாதிகாரி ஆளும் நாட்டில், சர்க்கார் டெலிவிஷனுக்கு, ஒரு பாட்டுக்காரர் போட்ட நிபந்தனை! நாடு முழுவதும் பரபரப்பு.

அதிகாரிகள் கையில் ஒரு சட்டமும் இருந்தது. 1965-ல் சுவீடன் நாடு ஆங்கிலத்தில் பாடியது. அது சர்ச்சையாகி, “அவரவர் தேசிய மொழியில்தான் பாட வேண்டும்” என்று 1966-ல் விதி வந்துவிட்டது. ஸ்பெயினின் ஆட்சிமொழி அன்று ஸ்பானிஷ் ஒன்றுதான். கட்டலானை ஆட்சிமொழி ஆக்காதவர்களும் அவர்கள்தான், “ஆட்சிமொழி இல்லையே” என்று கைவிரித்தவர்களும் அவர்கள்தான்!

செராட் நீக்கப்பட்டார். அத்தோடு விடவில்லை. அரசாங்க டெலிவிஷன் கதவு அவருக்குப் பல ஆண்டுகள் சாத்திக் கிடந்தது. வானொலியிலும் அவர் குரல் மறைந்தது.

எந்த மொழி?

“அட, லா லா லாவுக்கு என்னய்யா மொழி?” என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது.

வேடிக்கை அங்கேதான் இருக்கிறது. காலைப் பொழுது, தாய், மண் என்று வாழ்க்கையில் கிடைத்ததை எல்லாம் நினைத்துப் பாடும் சின்னப் பாட்டு அது. மீதி எல்லாம் ‘லா... லா... லா...’தான். நூற்றுக்கும் மேற்பட்ட லா! ஸ்பானிஷில் பாடினாலும் கட்டலானில் பாடினாலும் பாதிப் பாட்டு ஒன்றேதான்.

மிச்சப் பாதிக்காகத்தான் இவ்வளவு ரகளை. நாலு வரி கட்டலான் கேட்டால் பரிசு போய்விடுமா? அது அல்ல பயம். அந்த நாலு வரி ஐரோப்பா முழுக்க ஒரே நேரத்தில் கேட்டுவிடும். ஸ்பெயினில் இப்படியும் ஒரு மொழி இருக்கிறது என்று தெரிந்துவிடும். 30 வருஷமாகப் பூட்டி வைத்தது 3 நிமிடத்தில் வெளியே வந்துவிடும்.

செராட்டுக்கும் அது தெரியும். அதனால்தான் கேட்டார்.

மெக்சிகோ

நாள் நெருங்குகிறது. ஆள் இல்லை. யாரை அனுப்புவது?

மாசியேல் என்ற இளம்பாடகியின் பெயர் வந்தது. மாட்ரிட் நகரத்துப் பெண். வயது 20. அப்போது அவர் கடல் தாண்டி மெக்சிகோவில் கச்சேரி செய்துகொண்டு இருந்தார். தகவல் பறந்தது. மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினார்.

பாட்டைப் படிக்க வேண்டும். ரெக்கார்டு செய்ய வேண்டும். வேறு மொழிகளிலும் பாடிக் கொடுக்க வேண்டும். ஒரு வாரம் சொச்சம்தான் கையில். ஆணுக்காக அமைத்த பாட்டைத் தன் குரலுக்கு மாற்ற வேண்டும். பாரீஸ் நகரின் குரேஜ் கடையில் தைத்த குட்டைப் பாவாடை உடை ஒன்றும் தயார் ஆனது.

இன்னொரு வேடிக்கை. மாசியேலும் சர்க்காருக்குச் செல்லப்பிள்ளை அல்ல. எதிர்ப்புப் பாட்டுப் பாடுகிறவர் என்று பெயர் எடுத்தவர். பிற்காலத்தில் ஜெர்மானிய இடதுசாரிக் கவிஞர் பிரெக்டின் பாட்டுகளை மேடையேற்றியவர். ஆனாலும் ஸ்பானிஷில் பாடத் தயார் என்றார். அது போதும் என்று அனுப்பிவிட்டார்கள்.

“அவர் விட்ட இடத்தை இவர் பிடித்துக்கொண்டாரே” என்று சிலர் குறை சொன்னார்கள். 20 வயதுப் பெண்ணின் தோளில் ஒரு நாட்டின் மானத்தைத் தூக்கி வைத்தவர்களை யாரும் கேட்கவில்லை.

லண்டன்

1968 ஏப்ரல் 6-ந் தேதி, லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபம். 17 நாடுகள். இந்தப் போட்டி முதன்முதலாகக் கலரில் ஒளிபரப்பானதும் அன்றுதான்.

“பரிசு பிரிட்டனுக்குத்தான்” என்று எல்லோரும் எழுதி வைத்துவிட்டார்கள். காரணம், மேடையில் கிளிஃப் ரிச்சர்ட்! உலகப் புகழ் பாடகர். (இவர் பிறந்தது நம் நாட்டு லக்னோவில்!) பாட்டு ‘கங்ராஜுலேஷன்ஸ்’. ஜனங்கள் தபால் கார்டில் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தது. எழுதியவர்கள் முந்தின ஆண்டு பரிசு வாங்கிய பாட்டை எழுதிய அதே ஜோடி.

ஒவ்வொரு நாட்டிலும் 10 நடுவர்கள். ஆளுக்கு ஒரு ஓட்டு. ஒவ்வொரு நாடாக மார்க்கைச் சொல்லச் சொல்ல, பிரிட்டன் முன்னே ஓடியது. ஸ்பெயின் விடாமல் துரத்தியது.

கடைசிக்கு முந்தின நாடு மேற்கு ஜெர்மனி. ஸ்பெயினுக்கு 6 ஓட்டு. பிரிட்டனுக்கு 2. மண்டபம் கப்சிப்!

கடைசி நாடு யுகோஸ்லாவியா. இருவருக்கும் ஒன்றும் போடவில்லை. முடிவு:

ஸ்பெயின் - 29.

பிரிட்டன் - 28.

பிரான்ஸ் - 20.

ஒரே ஒரு ஓட்டு! முட்டை வாங்கிய நாடு முதல் பரிசு வாங்கியது. மாட்ரிட் கொண்டாடியது. மாசியேல் ஒரே இரவில் ஐரோப்பா அறிந்த பாடகி ஆனார்.

புகார்

40 வருஷம் கழித்து இதில் ஒரு வெடி வெடித்தது. “அந்த ஓட்டுகள் விலைக்கு வாங்கியவை” என்று 2008-ல் ஸ்பெயின் டெலிவிஷன் விவரணப் படம் ஒன்றில் புகார் கிளம்பியது. பழைய டெலிவிஷன் நிகழ்ச்சியாளர் ஹோசே மரியா இனிகோ அதில் பேசியிருந்தார். பிறகு, ஊரில் பேசிக்கொண்டதைத்தான் சொன்னதாக அவர் பின்வாங்கினார். மாசியேல் கொதித்துப்போனார். புகார் நிரூபிக்கப்படவில்லை.

ஆனால் புகாரை ஜனங்கள் உடனே நம்பியதில் ஒரு சேதி இருக்கிறது. கதவை மூடிக்கொண்டு ஆளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு கடிதத்துக்காக ஆளை மாற்றினார்கள். அப்படிப்பட்டவர்கள் எதுவும் செய்வார்கள் என்று ஊர் நினைத்தால், தப்பு ஊர் மேலா?

மறு ஆண்டு

ஜெயித்த நாட்டில்தான் அடுத்த போட்டி. 1969 மார்ச்சில் மாட்ரிட் நகரில் தடபுடலாக நடந்தது. உலகப் புகழ் ஓவியர் சல்வதோர் டாலி விளம்பரப் படம் வரைந்து கொடுத்தார். ஆஸ்திரியா வரவில்லை.

அந்த முறை ஸ்பெயின் அனுப்பியது சலோமே என்ற பாடகியை. அவரும் பார்சிலோனாக்காரர். 1963-ல் பார்சிலோனாவில் நடந்த மத்தியதரைக் கடல் பாட்டு விழாவில், கட்டலான் பாட்டு முதல் பரிசு வாங்கியதே, அதைப் பாடிய இருவரில் ஒருவர் இவர்தான்! மாட்ரிடில் அவர் பாடியது ஸ்பானிஷில்.

ஸ்பெயின், பிரிட்டன், ஹாலந்து, பிரான்ஸ் நாலும் தலா 18. நாலு பேருக்கும் முதல் பரிசு. அப்போது சமன் வந்தால் என்ன செய்வது என்று விதியே கிடையாது!

அதோடு சரி. அதற்குப் பிறகு 2025 வரை ஸ்பெயின் ஒரு தடவைகூட ஜெயிக்கவில்லை.

துரத்தல்

செராட் என்ன ஆனார்?

மூலையில் முடங்கவில்லை. மறு ஆண்டே ஸ்பானிஷ் கவிஞர் அந்தோனியோ மச்சாதோவின் கவிதைகளுக்கு மெட்டுப்போட்டு இசைத்தட்டு வெளியிட்டார். மச்சாதோ, பிராங்கோவுக்கு எதிர்ப்பக்கம் நின்று, நாட்டை விட்டு ஓடி, 1939-ல் பிரான்சில் இறந்தவர். இசைத்தட்டு அமோகமாக விற்றது.

“ஸ்பானிஷை வெறுப்பவன்” என்று ஏசியவர்கள் வாயை அடைத்தது அது. அவருக்கு ஸ்பானிஷ் மேல் என்ன கோபம்? அம்மா பேசிய மொழி. இரண்டும் என்னுடையது, ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மறைக்காதே என்பதுதான் அவர் கட்சி.

1975 செப்டம்பர் 27-ந் தேதி பிராங்கோ ஆட்சி 5 பேரைச் சுட்டுக் கொன்று மரண தண்டனையை நிறைவேற்றியது. அப்போது மெக்சிகோவில் இருந்த செராட் அதைப் பகிரங்கமாகக் கண்டித்தார். உடனே கைது வாரண்டு! நாடு திரும்ப முடியவில்லை. அங்கேயே தங்கி, ஒரு பஸ்ஸில் ஊர் ஊராகப் போய்ப் பாடினார்.

எந்த நாட்டில் இருந்து மாசியேலை வரவழைத்தார்களோ, அதே நாட்டில் செராட் அகதி!

1975 நவம்பர் 20-ந் தேதி பிராங்கோ இறந்தார். 1976 ஆகஸ்டில் செராட் ஊர் திரும்பினார்.

இன்று

1978-ல் ஸ்பெயினுக்குப் புதிய அரசியல் சட்டம் வந்தது. மறு ஆண்டு கட்டலோனியாவில் கட்டலானும் ஆட்சிமொழி ஆனது. 1983-ல் கட்டலானிலேயே ஒரு டெலிவிஷன் நிலையம் தொடங்கியது. பள்ளிக்கூடத்தில் பாடம் நடக்கிறது. கடையில், கோர்ட்டில், மாநில சட்டசபையில் பேசுகிறார்கள்.

பாட்டுப் போட்டியில்? அங்கேதான் சங்கதி.

2004 முதல் 2009 வரை யூரோவிஷனில் கட்டலான் பாட்டு ஒலித்தது. அனுப்பியது ஸ்பெயின் அல்ல, மலைகளுக்கு நடுவே இருக்கும் அன்டோரா என்ற குட்டி நாடு. கட்டலான் அதன் ஆட்சிமொழி. 6 தடவை அனுப்பியது. ஒரு தடவைகூட இறுதிச் சுற்றுக்குப் போகவில்லை.

1999-ல் மொழி விதியை அடியோடு எடுத்துவிட்டார்கள். யாரும் எந்த மொழியிலும் பாடலாம். 2016-ல் ஸ்பெயின் முழுக்க முழுக்க ஆங்கிலத்தில் ஒரு பாட்டை அனுப்பியது! கட்டலான் பாட்டு? 1961-ல் தொடங்கி 2025 வரை ஒன்றுகூட இல்லை.

2022-ல் தேர்வு பகிரங்கமாக பெனிடோர்ம் என்ற கடற்கரை ஊரில் நடந்தது. கலீசிய மொழியில் பாடிய 3 பெண்களுக்குப் போனில் வந்த ஓட்டில் 100-க்கு 70! ஆனால் நடுவர்களின் மார்க்கால் வேறு ஒரு பாடகி தேர்வானார். பார்லிமெண்டு வரை விவகாரம் போனது. தேர்வான பாடகி ஷனேல், இத்தாலியில் நடந்த போட்டியில் 3-வது இடம் வாங்கி வந்தார். திறமையில் குறை இல்லை. ஆனாலும், “ஜனங்கள் கேட்டது வேறு மொழி ஆயிற்றே” என்ற பேச்சு ஓயவில்லை.

மொழி விஷயம் என்றால் என்ன என்று நம்மூர்க்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியது இல்லை. மேடையில் 3 நிமிடம்தான். ஆனால் அந்த 3 நிமிடத்தில் “இதுதான் எங்கள் நாடு” என்று ஒருவரைக் காட்டுகிறார்கள். காட்டாமல் விட்டவர்கள் வீட்டில் உட்கார்ந்து அதைப் பார்க்கிறார்கள்.

கடைசிக் கச்சேரி

2022 டிசம்பர் 23-ந் தேதி, பார்சிலோனா. 79-வது பிறந்த நாளுக்கு 4 நாள் இருக்கும்போது, செராட் தன் கடைசிக் கச்சேரியைச் செய்தார். மண்டபம் நிரம்பி வழிந்தது. கட்டலானில் பாடினார். ஸ்பானிஷிலும் பாடினார். இரண்டுக்கும் ஜனங்கள் கூடவே பாடினார்கள்.

2024-ல் ஸ்பெயினின் பெருமைக்குரிய ‘அஸ்தூரியாஸ் இளவரசி’ விருது, கலைப் பிரிவில் அவருக்குக் கிடைத்தது. ஸ்பெயின் அரசரின் மகள் பெயரில் கொடுக்கும் விருது அது. எந்த நாட்டின் பேரால் பாடக் கூடாது என்று ஒரு காலத்தில் நீக்கினார்களோ, அதே நாட்டின் மேடையில் நின்று விருதை வாங்கிக்கொண்டார்.

1968-ல் செராட் கட்டலானில் பதிவு செய்த ‘லா லா லா’ ரெக்கார்டு இன்றும் இருக்கிறது. யூரோவிஷன் மேடையில் அது ஒலிக்கவே இல்லை. கேட்க நினைப்பவர்கள் வீட்டில் போட்டுக் கேட்கிறார்கள். யாரும் தடுப்பது இல்லை.